தறிமணிக்கு என்ன விலை?

சோமனூரை இலக்கிய வாசகர்களுக்கு அறிமுகப்படுத்தப் பெரிய முகாந்திரம் எதுவும் எங்களிடம் இல்லை. கோவையிலிருந்து திருப்பூர் வழியாக ஈரோடு செல்லும் ரயில் பாதையில் வரும் ஒரு சிறு நிலையம் அது. விரைவு வண்டிகளில் செல்பவர்கள் பெயர்ப்பலகையைப் படிப்பதற்குள் ஊர் கடந்துவிடும். இறங்கி நடப்பவர்களை முதலில் எதிர்கொள்வது ஓசை. ஓடு வேய்ந்த தறிகுடோன்களுக்குள் நாடா இடமும் வலமும் அடிபட்டு ஓடும் அந்தச் சத்தம் பேச்சை விழுங்கிவிடும். அங்கே பிறந்தவர்கள் சற்று உரத்த குரலில் பேசுவார்கள்; சத்தம் நின்றால் தூக்கம் கலைந்து எழுவார்கள்.

எங்கள் குழு நண்பர்களில் ஒருவர் அப்படி ஒரு தறிகுடோன் வீட்டிலிருந்து பொறியியல் படிக்கச் சென்றவர். அவருக்கு ஐந்தாம் பருவத்தில் ஒரு பாடம் வந்தது. கல்லூரிக்குக் கல்லூரி அதற்குப் பெயர் மாறும்: செயல்முறை ஆராய்ச்சி, உகமக் கணிதம், நேரியல் திட்டமிடல். இருப்பதை வைத்துக்கொண்டு இயன்றதில் சிறந்ததை எப்படிச் செய்வது என்பதே அதன் சாரம். முதல் வகுப்பிலேயே ஆசிரியர் கரும்பலகையில் எழுதிய கணக்கு எல்லாப் பாடநூல்களிலும் ஏதோ ஓர் உருவில் இருப்பதுதான்: ஓர் ஆலை இரண்டு வகைத் துணி நெய்கிறது, இவ்வளவு நூல், இவ்வளவு தறி நேரம் இருக்கிறது, ஒவ்வொரு வகையிலும் இவ்வளவு லாபம், எதை எவ்வளவு நெய்தால் மொத்த லாபம் மிகும்?

விடுமுறையில் ஊருக்கு வந்த நண்பர் அந்தக் கணக்கை ஆர்வத்தோடு தந்தைக்கு விளக்கியிருக்கிறார். தந்தை, கூலிக்கு நெய்யும் விசைத்தறியாளர், நோட்டுப் புத்தகத்தை வாங்கிப் பார்த்துவிட்டுக் கேட்டது இதுதான்:

"இதுல நம்ம கூலி எங்க கண்ணு வருது?"

"அது செலவுல வந்துருதுங்கப்பா. அதைக் கழிச்ச பொறகுதான் இந்த லாபம்."

"அப்ப நாம செலவுக் கணக்கா?"

நண்பரிடம் அப்போது பதில் இல்லை. பல ஆண்டுகள் கழித்து எங்களிடம் அவர் இதைச் சொன்னபோது எங்களிடமும் இல்லை. அந்தக் கேள்வியைப் பின்தொடர்ந்து அந்தப் பாடத்தின் வரலாற்றைத் தேடிப் படித்ததில் கிடைத்ததே இக்கட்டுரை. கணிதத்தைக் கண்டாலே ஒதுங்கும் வாசகர்கள் அஞ்ச வேண்டாம். கூட்டலும் பெருக்கலும் போதும். அந்தப் பாடம் பிறந்த நாளிலிருந்தே 'உழைப்புக்கும் கருவிக்கும் என்ன விலை' என்ற கேள்வி அதனோடு ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது என்பதும், பாடத்தின் அவசரத்தில் அந்தப் பக்கங்கள் புரட்டப்படாமலே போகின்றன என்பதும் நாங்கள் கண்டவை.

*

பாடத்தின் பிறப்பைக் காண லெனின்கிராடுக்குப் போக வேண்டும். ஆண்டு 1938. அங்கே ஒட்டுப்பலகை தயாரிக்கும் ஒரு நிறுவனம் பல்கலைக்கழகக் கணிதப் பேராசிரியர் ஒருவரிடம் ஒரு சிக்கலைக் கொண்டுவந்தது. மரத்தைத் தோலுரித்து மெல்லிய தகடாக்கும் எட்டு இயந்திரங்கள். ஐந்து வகை மரங்கள். ஒவ்வோர் இயந்திரமும் ஒவ்வொரு மரத்தை வெவ்வேறு வேகத்தில் உரிக்கும். எந்த மரத்தை எந்த இயந்திரத்துக்கு அனுப்பினால், வேண்டிய விகிதத்தில் அதிகத் தகடு கிடைக்கும்?

பேராசிரியரின் பெயர் லியோனித் கண்டரோவிச். அப்போது அவருக்கு வயது 26. தூய கணிதத்தில் ஏற்கெனவே பெயர் பெற்றிருந்தவர். இந்த மரத்தூள் படிந்த கணக்கு பழைய வழிகளுக்குக் கட்டுப்படாது என்பதை அவர் உடனே கண்டார். சாத்தியங்கள் அத்தனையையும் ஒவ்வொன்றாகச் சோதிப்பது நடவாத காரியம். அவர் கண்டுபிடித்த வழியில் ஒவ்வொரு கட்டுப்பாட்டுக்கும் ஓர் எண்ணைப் பொருத்த வேண்டும். அந்த எண்களைத் திருத்திக்கொண்டே போனால் சிறந்த திட்டம் தானாக வெளிப்படும். 'தீர்க்கும் பெருக்கிகள்' என்று அவற்றுக்குப் பெயரிட்டார். 1939-ல் சிறு நூலாக அதை வெளியிட்டார். தச்சுப்பட்டறை, வயல், ரயில் சரக்கு, தகடு வெட்டுதல் எனப் பல துறைகளுக்கு இந்த முறை பொருந்தும் என்று அதில் காட்டினார்.

சிக்கல் அந்தப் பெருக்கிகளில்தான் இருந்தது. இயந்திரத்தின் ஒரு மணி நேரத்துக்கும், ஒரு கட்டை மரத்துக்கும் அவை சொன்ன எண்கள் பார்ப்பதற்கு விலைகளைப் போலவே இருந்தன. ஒரு பொருளின் மதிப்பு அதில் அடங்கிய உழைப்பே என்பது அந்த நாட்டின் அதிகாரபூர்வமான பொருளியல். அங்கே, பற்றாக்குறையாக இருக்கும் வளத்துக்கு மதிப்பு கூடும், மீந்துகிடக்கும் வளத்துக்கு மதிப்பு இல்லை என்று கணக்குப் போட்டுக் காட்டுவது பாதுகாப்பான தொழில் அன்று. போர்க்காலத்தில் அவர் எழுதி முடித்த பெரிய நூல் 1959-ல்தான் வெளிவர முடிந்தது. அதில் அந்த எண்களுக்கு 'புறநிலையாக நிர்ணயிக்கப்பட்ட மதிப்பீடுகள்' என்று சுற்றி வளைத்த பெயர். விலை என்ற சொல்லைத் தவிர்ப்பதற்கு இத்தனை சொற்கள்.

அவரைப் பற்றிச் சொல்லப்படும் கதை ஒன்றுண்டு. போருக்குப்பின் லெனின்கிராடின் ரயில்பெட்டித் தொழிற்சாலை ஒன்றில் உலோகத் தகடுகளைச் சேதாரம் குறைய வெட்டும் முறையை அவர் வகுத்துக் கொடுத்தார். சேதாரம் வெகுவாகக் குறைந்தது. ஆனால் அந்தத் தொழிற்சாலை ஆண்டுதோறும் இத்தனை டன் கழிவு உலோகம் அனுப்ப வேண்டும் என்று மேலிடம் தனியே ஓர் இலக்கு விதித்திருந்தது. கழிவு குறைந்ததால் இலக்குத் தவறி, நிர்வாகம் கண்டனத்துக்கு ஆளாயிற்றாம். ஒரு கணக்கில் உகந்தது அடுத்த கணக்கில் குற்றம். யாருடைய குறிக்கோள் என்று முதலில் கேட்காமல் 'சிறந்தது' என்ற சொல்லை உச்சரிக்கவே முடியாது என்பதற்கு இதைவிட எளிய சான்று எங்களுக்குக் கிடைக்கவில்லை.

*

கண்டரோவிச்சின் நூல் மேற்குலகை எட்ட வெகுகாலம் ஆயிற்று. அதற்குள் அமெரிக்காவில் அதே கணிதம் வேறு வாசல் வழியாக நுழைந்துவிட்டது. அந்த வாசல் ராணுவம். போர் முடிந்தபின் அமெரிக்க வான்படையின் கணித ஆலோசகராக இருந்த ஜார்ஜ் டான்ட்சிக், படைகளின் பயிற்சியையும் தளவாட வழங்கலையும் இயந்திரத்தனமாகத் திட்டமிட ஒரு வழி தேடினார். ராணுவத்தார் இத்தகைய திட்டத்தை 'புரோகிராம்' என்பார்கள். கணினிக்கு எழுதும் நிரலுக்கும் இந்தப் பெயருக்கும் தொடர்பில்லை. 1947-ல் அவர் கண்ட வழியே இன்றும் பாடத்தின் நடு அத்தியாயமாக இருக்கும் சிம்ப்ளக்ஸ் முறை. சாத்தியமான திட்டங்கள் அத்தனையும் பல முகங்கள் கொண்ட ஒரு படிகத்தினுள் அடங்கியிருப்பதாகக் கொண்டால், சிறந்த திட்டம் அதன் மூலை ஒன்றில் இருக்கும். மூலைக்கு மூலை, விளிம்பு வழியாக, மேலும் மேலும் நல்ல இடம் தேடி நடப்பதே அந்த முறை.

அவ்வாண்டு அக்டோபர் 3 அன்று டான்ட்சிக், பிரின்ஸ்டனில் ஜான் வான் நாய்மானைச் சந்தித்தார். இதுவரை யாரும் தொடாத துறை என்று எண்ணித் தம் கணக்கை விளக்கத் தொடங்கியவரை நாய்மான் பொறுமையிழந்து இடைமறித்தார். பிறகு எழுந்து நின்று, ஒரு மணி நேரத்துக்கும் மேலாக அந்தக் கணக்கைப் பற்றி அவருக்கே பாடம் எடுத்தார். ஓஸ்கர் மார்கன்ஸ்டெர்னோடு சேர்ந்து 1944-ல் எழுதிய ஆட்டக் கோட்பாட்டு நூலின் கணிதமும் இதுவும் ஒன்றே என்பது நாய்மானின் ஊகம். ஒவ்வொரு கணக்குக்கும் எதிர்முகமாக இன்னொரு கணக்கு உண்டு. முதல் கணக்கு, 'எதை எவ்வளவு செய்வது' என்று கேட்கும். எதிர்க்கணக்கு, 'கையிலுள்ள ஒவ்வொரு வளமும் என்ன பெறும்' என்று கேட்கும். இரண்டின் விடையும் கடைசிக் காசு வரை ஒன்றாகவே இருக்கும். கண்டரோவிச்சின் பெருக்கிகள் மறுபிறப்பு எடுத்து வந்துவிட்டன. இம்முறை அவற்றுக்குக் கிடைத்த பெயர் 'நிழல் விலை'. எதிர்க்கணக்கை இருமக் கணக்கு என்பார்கள்.

புதிய முறைக்கு வைக்கப்பட்ட முதல் பெரிய சோதனை வயிற்றைப் பற்றியது. ஒரு மனிதன் உடல்நலத்தோடு ஓராண்டு வாழ மிகக் குறைந்த செலவில் என்ன உண்ண வேண்டும் என்ற கேள்விக்கு, பொருளியலாளர் ஜார்ஜ் ஸ்டிக்லர் 77 உணவுகளையும் 9 ஊட்டங்களையும் எடுத்துக்கொண்டு, 1939-ஆம் ஆண்டு விலையில் 39 டாலர் 93 சென்ட் என்று குத்துமதிப்பாக ஒரு விடை கண்டு 1945-ல் வெளியிட்டிருந்தார். 1947 இலையுதிர் காலத்தில் ஒன்பது எழுத்தர்கள் மேசைக் கணக்குப் பொறிகளோடு உட்கார்ந்து, மொத்தம் 120 ஆள்நாள் உழைத்து, சிம்ப்ளக்ஸ் முறையில் சரியான விடையை அடைந்தார்கள்: 39 டாலர் 69 சென்ட். ஸ்டிக்லரின் ஊகம் 24 சென்ட் மட்டுமே தவறியிருந்தது. கோதுமை மாவும் முட்டைக்கோசும் உலர்ந்த பயறும் கொண்ட அந்தப் பட்டியலை எவரும் விரும்பி உண்டிருக்கமாட்டார்கள் என்பது வேறு.

பின்னாளில் டான்ட்சிக் தாமே உடல் எடையைக் குறைக்க விரும்பி, வயிறு நிறைந்த உணர்வை மிகுவிக்கும்படி கணினியிடம் ஓர் உணவுத் திட்டம் கேட்டார். நாளுக்கு 500 காலன் வினிகர் குடிக்கச் சொன்னது கணினி. நீர்ச்சத்து நீங்கலான எடையைக் கொண்டு வயிறு நிறைவதை அளக்கச் சொல்லியிருந்தார். பட்டியலில் வினிகரின் நீர்ச்சத்து பூஜ்யம் என்றிருந்தது. வினிகரை நீக்கியபின் இறைச்சிச் சாற்றுக் கட்டிகள் நாளுக்கு 200 என்றது. ஒரு நாளைக்கு இத்தனைக்கு மேல் கூடாது என்று மனிதர் எழுதி வைத்த பிறகே அது வழிக்கு வந்தது. கட்டுப்பாட்டில் எழுதப்படாத எதையும் கணக்கு அறியாது. சோமனூருக்குத் திரும்பும்போது இது தேவைப்படும்.

1975-ல் நோபல் பரிசு கண்டரோவிச்சுக்கும், போர்க்காலத்தில் கப்பல் போக்குவரத்துக் கணக்கு வழியாக இதே இடத்தை அடைந்த டியாலிங் கூப்மன்சுக்கும் கிடைத்தது. டான்ட்சிக்குக் கிடைக்கவில்லை.

*

இந்தியாவுக்கு இப்பாடம் திட்டக் கனவுகளின் காலத்தில் வந்து சேர்ந்தது. 1949-ல் ஐதராபாத்தின் வட்டார ஆராய்ச்சிக்கூடத்தில் செயல்முறை ஆராய்ச்சிப் பிரிவு தொடங்கியதைத்தான் நமது பாடநூல்கள் முதல் பக்கத்தில் குறிப்பிடும். கல்கத்தாவில் மகலனோபிஸின் இந்தியப் புள்ளியியல் கழகம் இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்துக்கான எண்களோடு மல்லுக்கட்டிய நாட்களில், நார்வேயின் ராக்னர் ஃபிரிஷ் போன்றவர்கள் அங்கே வந்து தங்கினார்கள். 1957-ல் இந்திய செயல்முறை ஆராய்ச்சிச் சங்கம் உருவாயிற்று. நாட்டின் வளங்கள் குறைவு, தேவைகள் அதிகம். ஆகவே உகந்த பங்கீட்டைக் கணிதம் சொல்லும் என்ற நம்பிக்கை அந்தத் தலைமுறையின் காற்றில் இருந்தது.

கொங்கு நாட்டுக்கு அந்த நம்பிக்கை பஞ்சாலைகள் வழியாக வந்தது. 1888-ல் ஸ்டேன்ஸ் ஆலை. 1930-களில் பைக்காரா மின்சாரம். அதன்பின் வரிசையாக நூற்பாலைகள். 1956-ல் தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கமான சிட்ரா கோவையில் நிறுவப்பட்டது. எந்தப் பஞ்சை எவ்வளவு கலந்தால் வேண்டிய நூல் குறைந்த செலவில் வரும் என்பது நேரியல் திட்டமிடலுக்கென்றே பிறந்தது போன்ற கணக்கு. பீளமேட்டுப் பொறியியல் கல்லூரிகளில் இப்பாடத்தைப் படித்தவர்களுக்கு எடுத்துக்காட்டுகள் சாலைக்கு அப்பாலேயே இருந்தன.

1984-ல் இப்பாடத்தின் இறுதி அத்தியாயத்தில் ஓர் இந்தியப் பெயர் ஏறியது. பம்பாய் ஐ.ஐ.டி.யில் படித்து, அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பணியாற்றிய நரேந்திர கர்மார்க்கர், விளிம்பு வழியே மூலைக்கு மூலை நடப்பதற்குப் பதிலாகப் படிகத்தின் உள்ளே புகுந்து செல்லும் வேகமான வழியைக் கண்டார்.

இன்று இப்பாடத்தைப் பெறப் பட்டணம் போக வேண்டியதில்லை. தமிழக மேல்நிலைப் பள்ளி வணிகக் கணித நூலிலேயே அதன் தொடக்கம் உண்டு. 'உகமத் தீர்வு' என்ற நல்ல தமிழ்ச்சொல்லும் உண்டு. 2003-ல் ஐ.ஐ.டி.களும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து தொடங்கிய என்.பி.டி.இ.எல். திட்டத்தில், சென்னை ஐ.ஐ.டி.யின் பேராசிரியர் ஜி. ஸ்ரீனிவாசன் நடத்திய செயல்முறை ஆராய்ச்சி அறிமுக வகுப்புகளை இலவசமாகவே காணலாம். கரும்பலகை, சுண்ணக்கட்டி, நிதானமான குரல். எங்களில் கணிதம் படிக்காத இருவர் அந்த வகுப்புகளைப் பார்த்துத்தான் இருமக் கணக்கு என்னவென்று புரிந்துகொண்டோம்.

*

இனி அந்த முதல் கணக்கைச் சோமனூரில் வைத்துப் போட்டுப் பார்ப்போம். எண்கள் வசதிக்காக நாங்கள் வைத்துக்கொண்டவை.

ஒரு குடோனில் எட்டுத் தறிகள். வாரத்துக்குத் தறி ஒன்றுக்கு 120 மணி. ஆக 960 தறிமணி. கையில் 600 கிலோ நூல். சாதா ரகம் 100 மீட்டருக்கு 15 கிலோ நூலும் 16 தறிமணியும் வேண்டும்; எல்லாச் செலவும் போக மிச்சம் 300 ரூபாய். நெருக்க ரகம் 100 மீட்டருக்கு 10 கிலோ நூலும் 24 தறிமணியும் வேண்டும். மிச்சம் 360 ரூபாய்.

சாதா மட்டும் நெய்தால் 4,000 மீட்டரில் நூல் தீரும், மிச்சம் 12,000. நெருக்கம் மட்டும் நெய்தால் 4,000 மீட்டரில் தறிமணி தீரும், மிச்சம் 14,400. இரண்டிலும் 2,400 மீட்டர் நெய்தால் நூலும் நேரமும் ஒருசேரத் தீர்ந்து, மிச்சம் 15,840 ரூபாய். இதுவே உகமத் தீர்வு. வகுப்பில் இத்தோடு மணி அடித்துவிடும்.

எதிர்க்கணக்கு இங்கிருந்துதான் தொடங்குகிறது. ஒரு தறிமணி கூடுதலாகக் கிடைத்திருந்தால் மிச்சம் எவ்வளவு ஏறியிருக்கும்? 12 ரூபாய். ஒரு கிலோ நூல் கூடுதலாகக் கிடைத்திருந்தால்? 7 ரூபாய் 20 காசு. 960 தறிமணியை 12-ஆல் பெருக்கி, 600 கிலோவை 7.20-ஆல் பெருக்கிக் கூட்டினால் அதே 15,840 வருகிறது. மிச்சப்பட்ட பணத்தில் தறியின் பங்கு 11,520, நூலின் பங்கு 4,320 என்று கணக்கே பிரித்துக் கொடுத்துவிட்டது.

இப்போது நூல் வரத்துப் பாதியாகிறது என்று கொள்வோம்: 300 கிலோ. உகந்தது நெருக்க ரகம் மட்டும் 3,000 மீட்டர் நெய்வது. அதற்கு 720 தறிமணி போதும். அதாவது ஆறு தறி. மீதி இரண்டு தறி சும்மா நிற்கும். மிச்சம் 10,800 ரூபாய். நிழல் விலையைக் கேட்டால் கணக்கு சொல்வது: நூல் கிலோவுக்கு 36 ரூபாய், தறிமணிக்கு பூஜ்யம். மீந்துபோகும் வளத்துக்கு விலையில்லை என்பது இப்பாடத்தின் மாறாத விதி. ஆறு தறிகள் இரவும் பகலும் ஓடுகின்றன; ஆனால் மிச்சம் 10,800-ம் நூலின் கணக்கில் ஏறிவிட்டது.

தறியும் நூலும் ஒருவருடையதாக இருந்தால் இது வெறும் ஏட்டுக்கணக்கு. சோமனூரில் அப்படியில்லை. கூலி நெசவு என்ற ஏற்பாட்டில் பாவு நூலும் ஊடை நூலும் ஜவுளி உற்பத்தியாளருடையவை. தறி, கொட்டகை, மின்கட்டணம், தறி ஓட்டுபவரின் சம்பளம் எல்லாம் விசைத்தறியாளருடையவை. நூலை வாங்கிக் காடா துணியாக்கிக் கொடுத்தால் மீட்டருக்கு இவ்வளவு என்று கூலி. நிழல் விலை ஏட்டில் போட்ட கோடு, இங்கே இரண்டு மனிதர்களுக்கு நடுவில் ஓடுகிறது.

*

சோமனூர் வட்டாரத்தின் கூலி வரலாற்றை இந்தக் கோட்டின் வரலாறாகவே படிக்கலாம். உற்பத்தியாளர் தரப்புக்கும் நியாயங்கள் உண்டு. நூல் விலை ஒரே மாதத்தில் ஏறி இறங்கும். காடா துணிச் சந்தை அவர்கள் சொல்படி நடப்பதில்லை. ஆனால் ஆர்டர் குறையும்போதெல்லாம் தறிகள் மீறி நிற்கும் ஊரில், தனித்தனியே பேரம் பேசப் போகும் விசைத்தறியாளர் ஒவ்வொருவரும் தாமே அந்த ஏழாம் தறி, எட்டாம் தறி. 'நீங்கள் இல்லாவிட்டால் இன்னொருவர்' என்ற பதிலில் இருப்பது கணக்கின் பூஜ்யம்தான்.

2021 நவம்பரில் அமைச்சர்கள் முன்னிலையில் நடந்த பேச்சில் சோமனூர் ரகத்துக்கு 23 சதவீதமும், பல்லடம் உள்ளிட்ட பிற ரகங்களுக்கு 20 சதவீதமும் கூலி உயர்வு என்று உடன்பாடு ஏற்பட்டது. ஒரு கூலிவிகிதத்துக்கே ஊரின் பெயர் வந்துவிட்டதைக் கவனியுங்கள். அது நடைமுறைக்கு வரவில்லை என்று 2022 ஜனவரியில் கோவை, திருப்பூர் மாவட்டங்களின் கூலித் தறிகள் நின்றன. 2025 மார்ச்சில் மீண்டும் நின்றன. ஒரு மாதம் வரை நீண்ட அந்த நிறுத்தம், உண்ணாவிரதத்துக்கும் பேச்சுவார்த்தைக்கும் பிறகு, சோமனூர் ரகத்துக்கு 15 சதவீதம், பிற ரகங்களுக்கு 10 சதவீதம் என்று ஏப்ரலில் முடிந்தது.

தறிமணிக்கு விலையே இல்லை என்று கணக்கு சொல்லுமானால், அதை நிறுத்தி ஏதேனும் எப்படிப் பெற முடிகிறது? கணக்கு பொய்யா?

பொய்யில்லை. நாம் அதை முழுதும் படிக்கவில்லை. நிழல் விலை சொல்வது கடைசி ஒரு மணியின் மதிப்பை மட்டுமே. நம் எட்டுத் தறிக் குடோனை, ஆளுக்கு ஒரு தறி வைத்திருக்கும் எட்டு பேராக எண்ணிக்கொள்வோம். நூல் 300 கிலோ. ஒருவர் நிறுத்தினால் இழப்பு ஏதுமில்லை. இருவர் நிறுத்தினாலும் இல்லை. மூன்றாமவர் நிறுத்தும் கணத்தில் தறிமணியின் விலை பூஜ்யத்திலிருந்து 12 ரூபாய்க்கு எழுகிறது. அவர் ஒருவர் நின்றதால் வாரத்துக்கு 1,440 ரூபாய் போகிறது. மொத்தம் 640 மணிகள், அதாவது ஐந்து தறிகளும் ஆறாவதில் ஒரு பகுதியும், நின்றபின் எஞ்சிய ஒவ்வொரு மணியும் 18 ரூபாய் 75 காசு பெறும். எட்டுப் பேரும் நின்றால் 10,800-ம் போய்விடும். ஒவ்வொருவரும் தனியே பூஜ்யம். எட்டுப் பேரும் சேர்ந்தால் முழுத்தொகை. இரண்டையும் சொல்வது அதே கணக்குதான். பாடநூலின் பின்பகுதியில், வளத்தின் அளவை மாற்றிக்கொண்டே போய்ப் பார்க்கும் அத்தியாயத்தில், அது இருக்கிறது. பருவத்தின் இறுதி வாரங்களில், தேர்வு நெருக்கத்தில், பெரும்பாலும் விட்டுப்போகும் அத்தியாயம்.

சங்கம் என்ற ஏற்பாட்டின் பொருளை நாங்கள் இதற்கு முன் அரசியல் நூல்களில்தான் தேடியிருக்கிறோம். ஏழாம் தறியாக நின்று பேரம் பேசுவதா, எட்டுத் தறிகளாகச் சேர்ந்து பேசுவதா என்பதே அதன் கணிதப் பொருள்.

நியாயமான கூலி எது என்று இப்பாடம் சொல்லிவிடும் என்று நாங்கள் கருதவில்லை. பூஜ்யத்துக்கும் முழுத்தொகைக்கும் இடையில் எங்கே நிற்பது என்பதை அது தீர்மானிப்பதில்லை. இரு தரப்பும் உட்கார்ந்து பேசி, எழுதி, கையொப்பமிட்டுத் தீர்மானிக்கிறார்கள். அந்தக் கையொப்பம் கணக்குக்குள் நுழையும் வழியும் ஒன்று உண்டு. வினிகருக்கு டான்ட்சிக் உச்சவரம்பு எழுதியதைப் போல, கூலி இதற்குக் கீழே போகக் கூடாது என்று கட்டுப்பாடுகளின் வரிசையில் ஒரு வரி. எழுதப்படாதவரை கணக்குக்கு அது தெரியாது. எழுதிவிட்டால், அதை மீறும் எந்தத் தீர்வும் தீர்வே அல்ல.

இவற்றையெல்லாம் தொகுத்துக்கொண்டு நண்பரிடம் சென்றோம். அவருடைய தந்தை இப்போது தறி ஓட்டுவதில்லை; முதுமை. நண்பர் பழைய நோட்டுப் புத்தகத்தைத் தேடி எடுத்து, 'அப்ப நாம செலவுக் கணக்கா?' என்ற கேள்விக்கு இத்தனை ஆண்டுகள் கழித்து, எதிர்க்கணக்கையும் எட்டுத் தறிகளையும் அவருக்கு மெல்ல எழுதிக் காட்டினார். பெரியவர் கடைசி வரி வரை கேட்டார்.

"ஒருத்தன் நின்னா ஒண்ணுமில்ல, எல்லாரும் நின்னா எல்லாம் நிக்கும். இதத்தான கண்ணு நாங்க அன்னைக்கு ரோட்டுல உக்காந்துட்டுச் சொன்னோம்" என்றார்.